லித்தியம் செல்லை அரிக்குமா, காக்குமா? அம்மாவோட மாத்திரை பற்றி ஒரு கேள்வி

கேள்வி: வில்லியனூர் தம்பி, 2025 மே 5

டீச்சர், எங்க அம்மாவுக்கு பைபோலார், மனசு ஒரேயடியா ஏறுறதும் ஒரேயடியா இறங்குறதுமா இருக்கிற நோய். 11 வருஷமா லித்தியம் சாப்பிடுறாங்க, நல்லாவே இருக்காங்க. போன வாரம் காதுகுத்துக்கு வந்த சித்தப்பா, "அது செல்போன் பேட்டரியில போடுற சாமான், உடம்புல இருக்கிற செல்லையெல்லாம் அரிச்சிடும், நிறுத்துங்க அண்ணி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். ரெண்டு நாளா அம்மா மாத்திரையைக் கையில வச்சுக்கிட்டு யோசிக்கிறாங்க. என் ஃப்ரெண்டு அனுப்பின வீடியோவுல, லித்தியம் செல்லுக்கு வயசாகாம பாத்துக்கும்னு இருக்கு. இதுல எது நிஜம்?

மே 5, இரவு 8.40

முதல்ல அம்மாவை இன்னிக்கு ராத்திரி மாத்திரையைப் போடச் சொல்லுங்க தம்பி. விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து ரெண்டு மடங்கா வேண்டாம், வழக்கமான அளவு போதும். நாளைக்குக் காலையில அவங்க டாக்டர்கிட்ட நடந்ததைச் சொல்லிடுங்க. செல் பேச்சை அப்புறம் பேசலாம்.

மே 6

நான் கடலூர்ல +1, +2 பிள்ளைங்களுக்கு வேதியியல் எடுக்கிறேன். 2008-லேர்ந்து லித்தியம் சாப்பிடுறேன். இந்தத் தனிமத்தை வருஷா வருஷம் கரும்பலகையில எழுதுறவளும் நான்தான், ராத்திரி தண்ணி ஊத்தி முழுங்குறவளும் நான்தான்.

பேட்டரி விஷயத்துக்கு வர்றேன். லேப்ல சோடியம் உலோகத்தை மண்ணெண்ணெய்ல போட்டு வச்சிருப்போம். தண்ணியில விழுந்தா தீப்பிடிச்சு ஓடும். அதே சோடியம்தான் ரசத்துல உப்பா கரைஞ்சு கிடக்கு. உலோகம் வேற, அயனி வேற. தனிம அட்டவணையில லித்தியம், சோடியத்துக்கு நேர் மாடி வீட்டுக்காரன். அம்மா சாப்பிடுறது லித்தியம் கார்பனேட், அதுவும் ஒரு உப்புதான். 300 மி.கி. மாத்திரையில லித்தியம் 56 மி.கி., மீதியெல்லாம் கார்பனேட். நான் மூணு போடுறேன், ஆக ஒரு நாளைக்கு 169 மி.கி. சித்தப்பாகிட்ட இதைச் சொல்லுங்க.

ஆனா அவர் பயம் மொத்தமும் தப்புன்னு சொல்லிட மாட்டேன். கிட்னியைப் பற்றித் தனியா எழுதறேன்.

மே 9

நேத்து பாதியில கரன்ட் போயிடுச்சு. செல்லுக்குள்ள என்ன நடக்குதுன்னு இப்ப சொல்றேன்.

+1 பாடத்துல மூலைவிட்டத் தொடர்புன்னு ஒண்ணு வரும். லித்தியத்துல இருந்து குறுக்கா ஒரு கோடு கீழ இழுத்தா மெக்னீசியத்துல போய் முட்டும். ரெண்டுக்கும் அயனி அளவு கிட்டத்தட்ட ஒண்ணு: 76 பிக்கோமீட்டர், 72 பிக்கோமீட்டர். நம்ம செல்லுக்குள்ள நிறைய நொதிகள், அதாவது என்சைம்கள், மெக்னீசியத்தை மடியில வச்சுக்கிட்டாத்தான் வேலை செய்யும். லித்தியம் அந்த மடியில போய் உட்கார்ந்துக்குது. உட்கார்ந்ததும் நொதி மெதுவாகிடுது. பரீட்சைக்கு ரெண்டு மார்க் கேள்வியா நான் நடத்தின பாடம் இவ்வளவுதான். அதுல என் உயிர் தொங்கிட்டு இருந்ததுன்னு தெரிஞ்ச அன்னிக்கு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதுல ரெண்டு நொதி முக்கியம். ஒண்ணு, செல்லுக்குள்ள சேதி கடத்த உதவுற இனோசிட்டால்ங்கிற பொருளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வைக்கிற நொதி. இது தடைப்பட்டா அதிகமாக் கத்திட்டு இருக்கிற நரம்பு செல்லோட சத்தம் அடங்கும்னு பெர்ரிட்ஜும் அவர் கூட இருந்தவங்களும் 1980-கள்ல சொன்னாங்க. இன்னொண்ணு ஜி.எஸ்.கே-3. லித்தியம் இதை அடக்குதுன்னு 1996-ல க்ளைனும் மெல்டனும் காட்டினாங்க. ஜி.எஸ்.கே-3 அடங்கினா, செல்லை உயிரோட வச்சுக்கிற புரதங்களுக்குக் கை ஓங்குது. 2005-ல இன்னொண்ணும் வந்துச்சு: செல் தன் குப்பையைத் தானே கூட்டி அள்ளிக் கரைக்கிற வேலைக்கு ஆட்டோஃபேஜின்னு பேர், லித்தியம் அதை முடுக்கிவிடுதுன்னு.

எனக்குப் பிடிச்ச ஆராய்ச்சி 2015-ல வந்தது. பைபோலார் உள்ளவங்களோட தோல் செல்லை எடுத்துப் பின்னோக்கித் திருப்பி, அதாவது குருத்தணுவா மாத்தி, தட்டுல நரம்பு செல்லா வளர்த்தாங்க. அந்த செல்லுங்க மத்தவங்களோடதைவிட அதிகமாத் துடிச்சுச்சு. லித்தியம் போட்டதும் துடிப்பு குறைஞ்சுது. ஆனா நிஜ வாழ்க்கையில யாருக்கு லித்தியம் கேட்டுச்சோ அவங்களோட செல்லுல மட்டும்தான் குறைஞ்சுது. மருந்து கேட்காதவங்களோட செல்லு தட்டுலயும் கேட்கல.

லித்தியம் எனக்குக் கேட்டுச்சு. என் தங்கச்சிக்குக் கேட்கல, அவளுக்கு வேற மருந்து. ஒரே வயித்துல பிறந்தவங்கதான். "மனசைத் திடமா வச்சுக்கலை"ன்னு அவளை ஏசினவங்க இந்த ஒரு பத்தியைப் படிக்கணும்.

மே 10

வீடியோவுல சொன்னது டெலோமியர் விஷயமா இருக்கும். குரோமோசோமோட நுனியில இருக்கிற மூடி அது. ஷூ லேஸ் நுனி பிரியாம இருக்க ஒரு பிளாஸ்டிக் குப்பி இருக்கும் பாருங்க, அது மாதிரி. செல் ஒவ்வொரு தடவை பிரியும்போதும் கொஞ்சம் தேயும். இதைக் கண்டுபிடிச்ச பிளாக்பர்ன், க்ரைடர், சோஸ்டாக் மூணு பேருக்கும் 2009-ல நோபல் கிடைச்சுது.

2013-ல ஸ்வீடன்ல 256 பைபோலார் நோயாளிங்களோட வெள்ளை அணுக்கள்ல டெலோமியரை அளந்தாங்க. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத 139 பேர். நோயாளிங்களுக்குத் தேஞ்சிருக்கும்னு நினைச்சா, 35 சதவீதம் நீளமா இருந்துச்சு. லித்தியம் 30 மாசத்துக்கு மேல சாப்பிட்டவங்ககிட்ட அந்தத் தொடர்பு தெரிஞ்சுது. ஆக, லித்தியம் டெலோமியரை நீட்டுது. அம்மாவுக்குச் சொல்லுங்க, சந்தோஷப்படட்டும்.

மே 17, அவசரம்

தம்பி, இப்பதான் உங்க செய்தியைப் பார்த்தேன். பத்து நாளா அம்மா காபியை விட்டுட்டாங்க, "உடம்பைச் சுத்தம் பண்ண" உப்பில்லாம சாப்பிடுறாங்க, கை நடுங்குதுன்னு எழுதியிருக்கீங்க. வெளியில கத்திரி வெயில் வேற கொளுத்துது. இன்னிக்கே டாக்டரைப் பாருங்க, லித்தியம் லெவல் எடுக்கச் சொல்லுங்க. அவர் பார்க்கிற வரைக்கும் அடுத்த மாத்திரையைப் போடலாமான்னு போன்லயாவது கேட்டுக்குங்க. வாந்தி, பேதி, நாக்குக் குழறல், நடையில தள்ளாட்டம், இதுல ஒண்ணு இருந்தாலும் நேரா எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.

கிட்னிக்கு சோடியத்துக்கும் லித்தியத்துக்கும் வித்தியாசம் தெரியாது. நாம உப்பைக் குறைச்சா, சோடியத்தை விடக் கூடாதுன்னு இழுத்துப் பிடிக்கும். கூடவே லித்தியத்தையும் பிடிச்சு வச்சுக்கும். காபி லித்தியத்தைச் சிறுநீர்ல தள்ளிவிடும். பல வருஷமாக் குடிச்சிட்டு இருந்த காபியைச் சட்டுனு நிறுத்தினா அந்த வாசல் சாத்திடும். வெயில்ல வியர்த்துத் தண்ணி வத்தினாலும் இதே கதைதான். அம்மாவுக்கு மூணும் ஒண்ணாச் சேர்ந்திருக்கு.

மே 17, இரவு

எனக்கு 2019 ஏப்ரல்ல இதே நடந்துச்சு. விடைத்தாள் திருத்துற முகாம். ஃபேன் சரியில்லாத ஹால், தண்ணி எடுத்துட்டு வர எழுந்து போனா கட்டு முடியாது. மூணாவது நாள் சிவப்புப் பேனாவைப் பிடிச்சா மார்க் கட்டத்துக்குள்ள எழுத்து நிக்கல. 7 போட்டா 1 மாதிரி இழுத்துட்டுப் போச்சு. பக்கத்துல இருந்த இயற்பியல் சார் பேனாவை வாங்கி வச்சுட்டு, "டீச்சர், நீங்க வீட்டுக்குப் போங்க"ன்னார். லெவல் 1.7. எனக்கு இருக்க வேண்டியது 0.6-லேர்ந்து 0.8. வெயில்ல தண்ணி குடிக்காம இருந்ததுதான் காரணம்.

மே 18

ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க, லெவல் 1.5, குளுக்கோஸ் ஏறுதுன்னு தம்பி எழுதியிருக்கார். நல்ல வேளை. அம்மா பேசுறாங்களாம், காபி கேட்டாங்களாம்.

மே 21

ரெண்டு திருத்தம்.

ஒண்ணு, டெலோமியர். "லித்தியம் நீட்டுது"ன்னு 10-ந் தேதி எழுதினது அவசரம். அந்த ஸ்வீடன் ஆராய்ச்சியில ஒருத்தரை ஒரு தடவைதான் அளந்திருக்காங்க. முன்னாடி இவ்வளவு, லித்தியம் சாப்பிட்ட பிறகு இவ்வளவுன்னு ஒப்பிடல. நீளமா இருந்தவங்களுக்குத்தான் மருந்து நல்லாக் கேட்டு, அதனாலதான் அவங்க வருஷக் கணக்காச் சாப்பிட்டிருக்காங்கன்னுகூட இருக்கலாம். இன்னொரு விஷயம், லித்தியம் வெள்ளை அணுக்களோட எண்ணிக்கையையே கூட்டும். கூட்டம் மாறினா சராசரியும் மாறும். "சேர்ந்து காணப்படுது", அவ்வளவுதான் சொல்லலாம். +2 பிள்ளை பேப்பர்ல நான் எழுதின மாதிரி எழுதியிருந்தா மார்க்கைக் குறைச்சிருப்பேன். ஆனா அதே ஆராய்ச்சியில மனச்சோர்வு எத்தனை தடவை வந்துச்சோ அந்த அளவுக்கு டெலோமியர் குட்டையா இருந்துச்சுன்னும் வருது. நோய் திரும்பத் திரும்ப வர்றதுக்கும் செல் தேயுறதுக்கும் ஏதோ உறவு இருக்கு. அம்மாவுக்கு அதைச் சொல்லுங்க.

ரெண்டாவது, 2019 கதை. பழைய ஃபைலைத் தேடினேன். முகாமுக்கு ரெண்டு நாள் முன்னாடி முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக் வாங்கின மருந்துக்கடை பில் அதுக்குள்ள இருக்கு. அஞ்சு நாளைக்கு, ரெண்டு வேளை. வெயில் மட்டும் இல்ல. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைங்க கிட்னி வழியா லித்தியம் வெளிய போறதைக் குறைச்சிடும். பி.பி. மாத்திரையில டெல்மிசார்ட்டான், எனலாப்ரில், நீர் பிரிக்கிற தயசைடு எல்லாம் லெவலை ஏத்தக் கூடியவை. ஆறு வருஷமா வெயிலைத் திட்டிட்டு இருந்தேன். கடையில வலி மாத்திரை கேட்டா "லித்தியம் சாப்பிடுறேன்"னு சொல்லித்தான் இப்ப வாங்குறேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தாப் பார்க்கட்டும். பாராசிட்டமால் கொடுப்பாங்க.

ஜூன் 2

கிட்னி. சித்தப்பாவுக்குச் சேர வேண்டிய நியாயம் இங்கதான் இருக்கு.

லித்தியத்தைக் கல்லீரல் உடைக்காது. தனிமத்தை உடைக்க முடியாது. சாப்பிட்டது அப்படியே கிட்னி வழியாத்தான் போகணும். அங்க சேகரிப்புக் குழாய்ன்னு கடைசிப் பகுதியில இருக்கிற செல்லுங்க சோடியத்துக்குன்னு ஒரு கதவு வச்சிருக்கு. லித்தியம் அந்தக் கதவு வழியா உள்ள போயிடும், ஆனா சோடியம் மாதிரி சுலபமா வெளிய வராது. உள்ள தேங்கி, மூளை செல்லுல நல்லது பண்ற அதே ஜி.எஸ்.கே-3 அடக்கலை இங்கயும் பண்ணுது. விளைவு, தண்ணியைத் திரும்ப உறிஞ்சுற அக்வாபோரின்-2 குறைஞ்சிடுது. ராத்திரி மூணு தடவை எழுந்திருக்கிறதும், தலைமாட்டுல ரெண்டு சொம்புத் தண்ணி வச்சுக்கிறதும் அதனாலதான். அந்தக் கதவைச் சாத்துற அமிலோரைடுன்னு ஒரு மருந்து இருக்கு, சிலருக்கு டாக்டர் கொடுப்பாங்க.

ரொம்ப வருஷம் போனா சிலருக்கு வடிகட்டுற சக்தியே குறையும். தைராய்டு சோர்ந்து போறதும் உண்டு, கால்சியம் ஏறுறதும் உண்டு. அதனாலதான் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது கிட்னிக்குக் கிரியேட்டினின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., கூடவே லித்தியம் லெவல் பார்க்கணும். கால்சியத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்க.

ஒரே அயனி, ஒரே நொதி. தலையில காவல், இடுப்புல சுமை. நிறுத்துறதா தொடர்றதான்னு சித்தப்பாவும் சொல்ல முடியாது, வீடியோவும் சொல்ல முடியாது. ரத்தத்துல எவ்வளவு, கிட்னி எப்படி, நோய் திரும்பி வந்தா என்ன ஆகும், இந்த மூணையும் எதிர்ல வச்சுக்கிட்டு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

ஜூன் 3

"நோய் திரும்பி வந்தா"ன்னு ஒரு வரியில தாண்டிட்டேன்.

2014-ல நானே நிறுத்தினேன். ஆறு வருஷம் நல்லா இருந்தேன், இனி எதுக்குன்னு ஒரு உறவுக்காரர் கேட்டார், எனக்கும் சரின்னு பட்டுச்சு. நாலு மாசம் ஒண்ணும் ஆகல. அஞ்சாவது மாசம் தூக்கம் குறைஞ்சுது. மூணு மணி நேரம் தூங்கினாப் போதும், உற்சாகமா இருக்கும். பி.எஃப்.ல கடன் போட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டரைக்கு தேவனாம்பட்டினம் கடற்கரையில தனியா நின்னு, அலை எனக்கு மட்டும் பாடம் ஒப்பிக்குதுன்னு நம்பினேன். எங்க வீட்டுக்காரர் லுங்கியோட சைக்கிள்ல தேடிட்டு வந்தார். செருப்புகூடப் போடல அவர். மூணு வாரம் ஆஸ்பத்திரி, அதுக்கு அப்புறம் எட்டு மாசம் இருட்டு. அந்த எட்டு மாசத்துல சாகணும்ங்கிற நினைப்பு எத்தனை நாள் வந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். தற்கொலையைக் குறைக்கிறதுல லித்தியத்துக்கு இருக்கிற சான்று மனநல மருந்துகள்ல ரொம்ப சிலதுக்குத்தான் இருக்கு. கிட்னி ரிப்போர்ட்டைப் பார்க்கும்போதெல்லாம் நான் இதையும் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் பார்க்கிறேன்.

படிக்கிறவங்க யாருக்காவது இப்ப அந்த நினைப்பு இருந்தா 14416-க்குக் கூப்பிடுங்க, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழ்ல பேசுவாங்க.

ஜூலை 14

அம்மாவுக்கு அடுத்த டெஸ்ட்டுக்கு எப்படிப் போகணும்னு தம்பி கேட்டிருந்தார். ராத்திரி 9 மணிக்கு மாத்திரைன்னா மறுநாள் காலை 9 மணிக்கு ரத்தம். 12 மணி நேரம், முன்னப் பின்ன வேண்டாம். காலை மாத்திரை இருந்தா ரத்தம் கொடுத்த பிறகுதான். நான் டெஸ்ட்டுக்குப் புதுச்சேரி கோரிமேட்டுக்கு ஏழு மணி பஸ் பிடிப்பேன். ஆல்பேட்டை செக்போஸ்ட்ல ரொம்ப நேரம் நின்னாத்தான் கொஞ்சம் படபடப்பா இருக்கும்.

இன்னொண்ணு, ரத்தம் எடுக்கிற குழாயோட மூடி. 2022-ல உள்ளூர்ல ஒரு லேப்ல எனக்கு 3.1-ன்னு ரிப்போர்ட் வந்துச்சு. அந்த அளவு இருந்தா நான் மயங்கிக் கிடக்கணும். நான் அடுப்படியில நின்னு கத்தரிக்காய் நறுக்கிட்டு இருந்தேன். வீட்டுக்காரர் ஆட்டோ கூப்பிட வாசலுக்கு ஓடிட்டார். டாக்டருக்குப் போன் பண்ணினா அவர் முதல்ல கேட்டது, "குழாய் மூடி என்ன கலர்மா?" பச்சை. பச்சை மூடிக் குழாய்ல ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் தடவியிருப்பாங்க, பெரும்பாலும் அது லித்தியம் ஹெப்பாரின். குழாய்ல இருந்த லித்தியத்தையும் சேர்த்து எண்ணிட்டாங்க. சிவப்பு மூடியில திரும்ப எடுத்தா 0.72. லேப்ல ரத்தம் எடுத்த பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், சின்னப் பொண்ணு, அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. நானும் கேட்டிருக்கணும்.

ஜூலை 15

நெல்லிக்குப்பத்துல இருந்து ஒரு அண்ணன்: போர் தண்ணியிலயே லித்தியம் இருக்காமே, அதையே குடிச்சா ஆகாதா? டெக்சாஸ் ஆராய்ச்சி, 1990. குடிதண்ணியில லித்தியம் கூடுதலா இருந்த மாவட்டங்கள்ல தற்கொலை குறைவுன்னு வந்தது. அங்க அதிகபட்ச அளவே லிட்டருக்கு 170 மைக்ரோகிராம். என் ஒரு நாள் அளவு தண்ணியில கிடைக்கணும்னா ஆயிரம் லிட்டர் குடிக்கணும் அண்ணே. ஒரு சின்டெக்ஸ் டேங்க் முழுசா.

ஆகஸ்ட் 12

ரெண்டு நாள்ல அஞ்சு பேர் ஒரே செய்தியை அனுப்பிட்டீங்க: லித்தியம் ஓரோட்டேட் (லித்தியத்தோட இன்னொரு உப்பு), அல்சைமர் மறதி நோய். ஹார்வர்டுல யான்க்னர் குழு, போன வாரம் நேச்சர் இதழ்ல வந்தது. மூளையில இயல்பாவே கொஞ்சம் லித்தியம் இருக்கு, மறதி ஆரம்பிச்சவங்களுக்கு அது குறையுது, அந்த நோய்ல மூளையில சேர்ற அமிலாய்டுங்கிற புரதப் படிவம் அதைப் பிடிச்சு வச்சுக்குது, எலிகளுக்கு ரொம்பச் சின்ன அளவுல ஓரோட்டேட் கொடுத்தா ஞாபகம் திரும்புச்சுன்னு சொல்றாங்க. படிச்சப்ப உடம்பு சிலிர்த்துது. எங்க மாமியாருக்கு மறதி நோய். என் பேர் மறந்து ரெண்டு வருஷம் ஆச்சு.

ஆனா அது எலி. இணையத்துல வாங்கிக் கொடுக்கலாமான்னு கேட்டவங்களுக்கு: நான் எங்க மாமியாருக்குக் கொடுக்கல. கார்பனேட்டுக்குப் பதிலா ஓரோட்டேட்டுக்கு மாறலாமான்னு கேட்ட தம்பிக்கு: வேண்டவே வேண்டாம். பைபோலாருக்கு சோதிச்சுப் பார்த்த அளவு வேற, இது வேற.

ஜான் கேட்னு ஒரு டாக்டர், ஆஸ்திரேலியாவுல மேனியா (மனசு கட்டுக்கடங்காம ஏறுற நிலை) வந்த பத்துப் பேருக்கு லித்தியம் கொடுத்ததை 1949-ல வெளியிட்டார். அவருக்கும் முதல் தடயம் கினிப் பன்றிகிட்ட இருந்துதான் கிடைச்சுது. மனுஷருக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி அவரே சாப்பிட்டுப் பார்த்தார். ஆனா அப்ப ரத்தத்துல அளவு பார்க்கிற வழக்கம் கிடையாது, நச்சு ஏறி ஆட்கள் செத்தாங்க. அப்புறம்தான் சுடர் ஒளிமானியால அளக்க ஆரம்பிச்சாங்க. லித்தியம் சுடர்ல கருஞ்சிவப்பா எரியும். சோதனைக்கூடத்துல பிளாட்டினம் கம்பியைக் காட்டி "மிஸ், ரோஸ் கலர்"னு பிள்ளைங்க கத்துவாங்களே, அதே நிறம்தான். அந்த நிறம்தான் இந்த மருந்தைச் சாப்பிடத் தக்கதா ஆக்குச்சு.

செப்டம்பர் 3

வில்லியனூர் அம்மாவோட ரிப்போர்ட்: லெவல் 0.68, கிரியேட்டினின் பழைய அளவுலயே இருக்கு, டி.எஸ்.எச். ஏறியிருக்கு. தைராய்டு மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க. சித்தப்பாவும் கூட ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டர்கிட்ட அவரே கேள்வி கேட்டாராம். நல்ல மனுஷன். அண்ணி மேல அக்கறை இருந்ததாலதானே சொன்னார்.

அக்டோபர் 28

இப்ப என் முறை. என் கிட்னி வடிகட்டும் அளவு 2012-ல 94, இந்த மாசம் 61. லெவல் 0.82. டாக்டர் பேப்பரை என் பக்கம் திருப்பி வச்சு, "குறைச்சுப் பார்க்கலாமா, நீங்க என்ன நினைக்கிறீங்க?"ன்னு கேட்டார். பதினேழு வருஷத்துல என்னைக் கேட்டு எடுத்த முடிவுகள்ல இதுதான் பெருசு. 900-லேர்ந்து 750, ராத்திரி ஒரே வேளை. ஒரு வாரத்துல லெவல். (ரெண்டரை மாத்திரை. என்னோடது சாதா மாத்திரை, உடைக்கலாம். மெதுவாக் கரையுற எஸ்.ஆர். மாத்திரையை உடைக்கக் கூடாது.)

பயமா இருக்கு. தேவனாம்பட்டினம் ராத்திரி நினைவுக்கு வருது. வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன், தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன். தூக்கம் அஞ்சு மணி நேரத்துக்குக் கீழ ரெண்டு நாள் தொடர்ந்து போனா என்னைக் கேட்காமலே டாக்டருக்குப் போன் பண்ணணும்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கேன்.

நவம்பர் 6

லெவல் 0.64.

நவம்பர் 19

எப்படி இருக்கீங்கன்னு கேட்டவங்களுக்கு, தலைமாட்டு நோட்டுல இருந்து. வெள்ளி: 10.40–5.15. சனி: 11.00–5.50. ஞாயிறு: மழை, ஓட்டுச் சத்தம், 12.10–5.30. திங்கள்: 10.30–5.20. செவ்வாய்: 10.30–5.30. ராத்திரி எழுந்தது ஒரு தடவை.